வீடியோ எடிட்டிங், மோஷன் கிராபிக்ஸ்: அறிகுறி வழியே பிழை நீக்கும் முறை

கடலூர், புதுச்சேரி வட்டாரத்தில் வீடியோ எடிட்டிங் செய்பவரின் மேசைக்கு ஒரே வேலைக்குள் பலவகைப் பதிவுகள் வந்து சேர்கின்றன. மண்டபத்தில் இரண்டு கேமராக்கள் எடுத்த காட்சி, மணமகனின் நண்பர் கைப்பேசியில் எடுத்த காட்சி, நாதசுவரத்தையும் தவிலையும் மிக்சரிலிருந்து நேரடியாகப் பிடித்த ரெக்கார்டர் கோப்பு, அழைப்பிதழ் அச்சிட்டவர் பழைய எழுத்துருவில் அனுப்பிய பெயர்ப் பட்டியல் என எல்லாமே ஒரே டைம்லைனில் வந்து அமர்கின்றன. இவை ஒன்றோடொன்று பொருந்தாத இடத்தில்தான் பெரும்பாலான கோளாறுகள் பிறக்கின்றன. எஃபெக்ட் போட்ட பிறகு அவை கண்ணில் படுவதால் எஃபெக்டையே சந்தேகிக்கிறோம். உண்மையில் கோளாறு அதற்கு இரண்டு படிகள் முன்னாலேயே, கிளிப்பின் பிரேம் ரேட்டிலோ (நொடிக்கு எத்தனை படங்கள்), நிற வெளியிலோ (நிறங்களைக் குறிக்கும் முறை), ஒலி மாதிரி வீதத்திலோ (நொடிக்கு எத்தனை முறை ஒலி அளக்கப்படுகிறது) இருந்திருக்கும். ஒரு பிழையை மறைக்க அதன்மேல் இன்னொரு எஃபெக்டைப் போடுவது எனக்கு உடன்பாடில்லாத வழி. அது அன்றைக்கு வேலையை முடித்துத் தரும். ஆனால் வாடிக்கையாளர் ஒரு திருத்தம் கேட்டு வரும்போது எது எதனால் நிகழ்கிறது என்று எடிட் செய்தவருக்கே தெரியாத நிலையில் கொண்டுபோய் விடும்.

ஆகவே, அறிகுறி எதுவாயினும், முதலில் பிராஜெக்ட்டை வேறு பெயரில் ஒரு நகல் எடுத்துவிட்டு, கோளாறு தெரியும் கிளிப்பின் எல்லா எஃபெக்டுகளையும் அணைத்து, அசல் கோப்பை எடிட்டிங் மென்பொருளுக்கு வெளியே இயக்கிப் பார்க்க வேண்டும். அங்கும் கோளாறு தெரிந்தால் அது படப்பிடிப்பில் வந்தது. தெரியாவிட்டால், மீடியாஇன்ஃபோ என்னும் இலவச மென்பொருளில் அந்தக் கோப்பைத் திறந்து பிரேம் ரேட் நிலையானதா மாறுவதா, நிற வெளி எது, ஒலியின் மாதிரி வீதம் எவ்வளவு என்ற மூன்றையும் குறித்துக்கொண்டு, அவற்றை சீக்வென்ஸின் (கிளிப்புகளை அடுக்கும் டைம்லைனின்) அமைப்போடு ஒப்பிட வேண்டும். அதன் பிறகு எஃபெக்டுகளை ஒவ்வொன்றாக இயக்கி, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்றிப் பார்க்க வேண்டும்.

ஒலியும் உதட்டசைவும் பொருந்தவில்லை

இங்கே முதலில் கேட்க வேண்டிய கேள்வி, அந்த விலகல் தொடக்கத்திலிருந்து கடைசிவரை ஒரே அளவில் இருக்கிறதா, நேரம் போகப் போகப் பெருகுகிறதா, அல்லது கூடியும் குறைந்தும் அலைகிறதா என்பதே. மூன்றுக்கும் காரணங்கள் வேறு; ஒன்றுக்கான மருந்து மற்றொன்றுக்கு உதவாது.

ஒரே அளவில் இருந்தால், பெரும்பாலும் தூரமே காரணம். ஒலி நொடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் வேகத்தில்தான் வருகிறது. வில்லியனூர்த் தேரோட்டத்தையோ வைத்திக்குப்பம் கடற்கரையில் மாசி மகத் தீர்த்தவாரியையோ 100 மீட்டர் தள்ளி ஒரு மாடியிலிருந்து ஜூம் செய்து எடுத்து, கேமராவின் மைக்கிலேயே ஒலியையும் பிடித்திருந்தால், தவிலின் அடி கைவிழுந்து 0.3 நொடி கழித்துத்தான் பதிவாகியிருக்கும். நொடிக்கு 25 பிரேம் கணக்கில் அது 7 பிரேம். அருகில் எடுத்த காட்சிகளுக்கு நடுவே இந்தக் காட்சியைச் செருகும்போது அந்த 7 பிரேம் துருத்திக்கொண்டு தெரியும். ஒலியை அந்த அளவுக்கு முன்னே இழுத்து வைத்தால் போதும். வேறு எதையும் தொட வேண்டியதில்லை.

போகப் போகப் பெருகினால், இரண்டு கருவிகளின் கடிகாரங்கள் ஒத்துப்போகவில்லை என்று பொருள். 29.97 பிரேமில் எடுத்ததை 30 பிரேம் என்று மென்பொருளுக்குச் சொல்லிவிட்டால் ஒரு மணி நேரத்தில் 3.6 நொடி விலகல் வந்துவிடும். ஒலி 44,100 ஹெர்ட்ஸில் பதிவாகியிருக்க, ஏதோ ஒரு படியில் அது 48,000 ஹெர்ட்ஸ் என்று படிக்கப்பட்டுவிட்டால், ஒரு மணி நேரக் கச்சேரி ஏறத்தாழ 55 நிமிடத்தில் முடிந்துவிடுவதோடு சுருதியும் ஏறிவிடும். நாதசுவரம் கேட்டுப் பழகிய காது இதை முதல் வரியிலேயே பிடித்துவிடும் என்பதால், சுருதி மாறியிருக்கிறதா என்று கேட்பதே மிக விரைவான சோதனை. சுருதி மாறாமல் மணிக்குச் சில பிரேம்கள் மட்டும் விலகினால், அது ரெக்கார்டருக்கும் கேமராவுக்கும் உள்ள இயல்பான வேறுபாடு. கோப்பு முழுவதையும் இழுத்து நீட்டுவதைவிட, பாட்டு முடிந்து அடுத்தது தொடங்கும் இடைவெளியில் வெட்டி, ஒவ்வொரு துண்டையும் தனியாகப் பொருத்துவது நல்லது.

கூடியும் குறைந்தும் அலைந்தால் அது கைப்பேசிப் பதிவாகவே இருக்கும். கைப்பேசிகள் வெளிச்சத்துக்கும் சூட்டுக்கும் ஏற்றவாறு பிரேம் ரேட்டை நொடிக்கு நொடி மாற்றிக்கொள்கின்றன. எடிட்டிங் மென்பொருளான பிரீமியர் புரோவின் இன்றைய பதிப்புகள் இதை ஓரளவு தாமே சமாளிக்கின்றன. ஆனால் நீண்ட பதிவுகளில் அதை மட்டும் நம்பியிராமல், எடிட் தொடங்குவதற்கு முன்பே ஹேண்ட்பிரேக் மென்பொருளில் நிலையான பிரேம் ரேட் என்ற தெரிவோடு அந்தக் கோப்பை மாற்றிக்கொள்வதே பாதுகாப்பானது. எடிட் முடிந்த பிறகு மாற்றினால் வெட்டிய இடங்கள் எல்லாம் நகர்ந்துபோகும். இன்னொன்று: உறவினர்கள் வாட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்புவது சுருக்கப்பட்டே வருகிறது, டாக்குமென்டாக அனுப்பச் சொன்னால் அசல் கோப்பு அப்படியே வரும்.

மண்டப விளக்கில் படம் துடிக்கிறது, அல்லது குறுக்குப் பட்டைகள் ஓடுகின்றன

நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். ஆகவே அதில் எரியும் பல விளக்குகளின் ஒளி நொடிக்கு 100 முறை ஏறி இறங்குகிறது. ஷட்டர், அதாவது ஒவ்வொரு பிரேமிலும் ஒளி விழும் நேரம், 1/50 அல்லது 1/100 நொடி என்று இருந்தால் ஒவ்வொரு பிரேமும் முழு அலைகளையே வாங்கிக்கொள்வதால் துடிப்பு தெரியாது. 1/60 அல்லது 1/125 என்றால் ஒரு பிரேமுக்கும் அடுத்த பிரேமுக்கும் ஒளியின் அளவு வேறுபடக்கூடும். 30 பிரேம், 1/60 ஷட்டர் என்னும் அமைப்பில் வரும் கேமராவை அப்படியே மண்டபத்துக்குள் கொண்டுபோவதுதான் பெரும்பாலும் இந்தக் கோளாற்றின் வேர். ஐஃபோனில் பால் (PAL, 25 பிரேம் முறை) வடிவங்களைக் காட்டும் தெரிவை இயக்கினால் 25 பிரேமில் எடுக்க முடியும்.

எடுத்து முடித்துவிட்ட காட்சிக்கு ஒரு வழி உண்டு. 30 பிரேம் பதிவில் 100 ஹெர்ட்ஸ் துடிப்பு மூன்று பிரேமுக்கு ஒருமுறை அதே நிலைக்குத் திரும்புகிறது. எனவே அதே கிளிப்பை மூன்று அடுக்குகளாக வைத்து, மேலுள்ள ஒவ்வொன்றையும் ஒரு பிரேம் தள்ளி, ஒபாசிட்டியை (ஒளிபுகாத் தன்மையை) கீழிருந்து மேலாக 100, 50, 33 விழுக்காடு என்று அமைத்தால், மூன்று பிரேம்களின் சராசரி கிடைத்துத் துடிப்பு பெரிதும் அடங்கிவிடும். இதற்கு நாம் கொடுக்கும் விலை, அசையும் கைகளின் பின்னே மெல்லிய நிழலுருவம் தெரிவது. மேடையில் அமர்ந்திருக்கும் மணமக்களுக்கு இது பொருந்தும்; நடனக் காட்சிக்குப் பொருந்தாது. டாவின்சி ரிசால்வின் கட்டணப் பதிப்பில் இதற்கென்றே டீஃப்ளிக்கர் எஃபெக்ட் இருக்கிறது.

சீரியல் லைட்டுகளும் மேடைக்குப் பின்னால் வைக்கும் எல்.ஈ.டி. திரையும் மின்சாரத்தின் தாளத்தில் அல்லாமல் தம் சொந்த வேகத்தில் அணைந்து எரியக்கூடியவை. அவற்றால் வரும் பட்டைகளுக்கு 1/50 என்பது உறுதியான மருந்து அன்று. நிகழ்ச்சி தொடங்குவதற்கு முன் கேமராவில் ஷட்டரை மெல்ல மெல்ல மாற்றிப் பட்டை நிற்கும் இடத்தைக் கண்டுபிடிப்பதே வழி.

அசைவு தத்தித் தத்திச் செல்கிறது

30 பிரேம் கிளிப்பை 25 பிரேம் டைம்லைனில் வைத்தால் ஆறு பிரேமுக்கு ஒன்று கழிக்கப்படுகிறது. நொடிக்கு ஐந்து முறை சிறு தடுமாற்றம் தெரியும். கடற்கரைச் சாலையில் இடமிருந்து வலமாகக் கேமராவைத் திருப்பிய காட்சியில் இது நன்றாகவே கண்ணை உறுத்தும். பதிவுகளில் பெரும்பான்மை எந்த பிரேம் ரேட்டோ அதையே சீக்வென்ஸுக்கு வைப்பது முதல் வழி. ஒலி தேவைப்படாத அழகுக் காட்சிகள் என்றால், அந்தக் கிளிப்பை 25 பிரேம் என்று படிக்கச் சொல்லி இன்டர்பிரெட் செய்துவிடலாம்: எல்லா பிரேமும் வரும், அசைவு சற்றே மெதுவாகும், திருமணக் காட்சிக்கு அந்த மெதுவும் அழகாகவே இருக்கும். ஆப்டிகல் ஃப்ளோ எஃபெக்டை இதற்குப் பயன்படுத்துவதில் எச்சரிக்கை தேவை. இல்லாத பிரேமை அது ஊகித்து வரைகிறது; முகத்துக்கும் நடைக்கும் ஓரளவு சரியாக வரும், ஆனால் கடல் அலை, தூவும் அட்சதை, ஆரத்தியின் சுடர் ஆகியவற்றில் படம் கிழிந்து குழையும். அலையை மெதுவாகக் காட்ட விரும்பினால் 50 அல்லது 100 பிரேமில் எடுத்துவருவதைத் தவிர வேறு வழியில்லை.

தமிழ் எழுத்து உடைகிறது

நம் மொழியில் தலைப்பு போடும் எவருக்கும் இதுவே மிகுந்த அலைச்சலைத் தரும் கோளாறு. ஆங்கிலத்தில் உள்ள பாடக் காணொளிகள் இதைப் பற்றிப் பேசுவதே இல்லை என்பதால் இங்கு சற்று விரிவாகவே சொல்கிறேன்.

"நெய்வேலி" என்று தட்டச்சு செய்தால் ஒற்றைக்கொம்பு நகரத்துக்குப் பின்னால் போய் நிற்கிறது. "கோரிமேடு" என்றால் ககரத்தை அடுத்துப் புள்ளிவட்டத்தோடு ஒரு குறி தனியே தெரிகிறது. யூனிகோடில் மெய்யின் எழுத்து முதலிலும் உயிர்க்குறி அடுத்தும் சேமிக்கப்படுகின்றன. கொம்பை இடப்பக்கத்துக்கு நகர்த்தி வைப்பது எழுத்தை வரைந்து காட்டும் பொறியின் வேலை. லத்தீன் எழுத்துகளுக்கான பொறி இந்த வேலையைச் செய்யாமல், சேமித்த வரிசையிலேயே காட்டிவிடுகிறது. ஆகவே எழுத்துருவை எத்தனை முறை மாற்றினாலும் பயன் இராது. மோஷன் கிராபிக்ஸ் மென்பொருளான ஆஃப்டர் எஃபெக்ட்ஸில் பிரெஃபரன்சஸில் உள்ள டைப் பக்கத்திலும், பிரீமியர் புரோவில் பிரெஃபரன்சஸில் உள்ள கிராபிக்ஸ் பக்கத்திலும், எழுத்துப் பொறியைத் தெற்காசிய, மத்திய கிழக்கு மொழிகளுக்கானதாக மாற்றிக்கொள்ளும் தெரிவு இருக்கிறது. பதிப்புக்குப் பதிப்பு அதன் இடமும் பெயரும் சற்று மாறலாம். மாற்றிய பின் மென்பொருளை மூடித் திறந்து, புதிய டெக்ஸ்ட் லேயர் ஒன்றை உருவாக்கி அதில் தட்டச்சு செய்து பார்க்க வேண்டும். பழைய லேயர்கள் பழைய பொறியிலேயே தங்கிவிடக்கூடும். சோதனைக்குக் கொம்பும் துணைக்காலும் சேர்ந்து வரும் ஊர்ப்பெயர்களே சிறந்தவை. "நெய்வேலி, கோரிமேடு, லாஸ்பேட்டை" என்ற மூன்றும் சரியாக வந்துவிட்டால் பொறி சரியாக இருக்கிறது என்று கொள்ளலாம்.

எழுத்துகளுக்குப் பதில் வெறும் கட்டங்கள் தெரிந்தால் அது வேறு நோய். அந்த எழுத்துருவில் தமிழே இல்லை. வாங்கிய டெம்ப்ளேட்டுகளில் இது வழக்கமாக நேர்கிறது. நோட்டோ சான்ஸ் தமிழ், முக்த மலர், கட்டமரன், பலூ தம்பி, ஹிந்த் மதுரை முதலிய இலவச எழுத்துருக்களில் ஒன்றைத் தேர்ந்துகொள்ளலாம். டெம்ப்ளேட்டை உருவாக்கியவர் எழுத்துருவை மாற்ற அனுமதி வைக்காமல் விட்டிருந்தால், பிரீமியரில் மாற்ற வழியிராது. ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் கோப்பாகத் திறந்தே மாற்ற வேண்டும். ஆங்கிலத்துக்கென வரைந்த பட்டைகளில் தமிழ்ப் பெயர்கள் அடங்குவதும் அரிது. மேலே இகரத்தின் வளைவும் கீழே உகரத்தின் சுழியும் மாஸ்கின் (படத்தின் ஒரு பகுதியை மட்டும் காட்டும் எல்லைக்கோட்டின்) விளிம்பில் வெட்டுப்படும். பட்டையின் உயரத்தைக் கூட்டுங்கள், எழுத்தைச் சிறிதாக்காதீர்கள். தொலைக்காட்சியில் தள்ளி உட்கார்ந்து பார்க்கும் பெரியவர்களுக்குத் தம் பெயர் படிக்கும் அளவில் தெரிய வேண்டும்.

வாடிக்கையாளர் அனுப்பிய வாசகம் ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் கலந்த குழப்பமாகத் தெரிந்தால், அது பாமினி போன்ற பழைய குறியேற்றத்தில் தட்டச்சு செய்யப்பட்டது. மாற்றி மென்பொருள் ஒன்றில் யூனிகோடாக்கிக்கொள்ளலாம். ஆனால் மாற்றிய வாசகத்தை அப்படியே நம்பக் கூடாது. பழைய தட்டச்சில் ரகரமும் துணைக்காலும் பார்வைக்கு ஒன்றுபோல் இருந்ததால், பலர் ர் என்பதற்குத் துணைக்காலின் மேல் புள்ளி வைத்தே பழகியிருந்தார்கள். மாற்றிய பின் "குமார்" என்பது "குமாா்" என்று வந்து நிற்கும். சில எழுத்துருக்களில் வேறுபாடு தெரியாது; வேறு சிலவற்றில் புள்ளிவட்டம் எட்டிப்பார்க்கும். பெயர்ப் பட்டியல் முழுவதிலும் துணைக்காலை அடுத்துப் புள்ளியோ இகரக் குறியோ வரும் இடங்களைத் தேடி ரகரமாக மாற்றுவது அவசியம்.

எழுத்து நிலையாக இருக்கும்போது சரியாகவும், அசையத் தொடங்கியதும் உடைந்தும் தெரிந்தால், அனிமேஷன் எழுத்து எழுத்தாகப் பிரித்து இயங்குகிறது. டெக்ஸ்ட் அனிமேட்டரின் ரேஞ்ச் செலக்டர், கணினியின் கணக்கில் எழுத்து எதுவோ அதைத்தான் பிரிக்கிறது. கொம்பு ஒருபுறம் பறந்துவர, மெய் மறுபுறம் பறந்துவரும். எழுத்துகளை அடிப்படையாகக் கொள்ளும் தெரிவைச் சொற்கள் என்று மாற்றிவிட்டால் இது தீரும். எழுத்திடைவெளியை அசைக்கும் டிராக்கிங் அனிமேஷனைத் தமிழுக்குத் தவிர்ப்பது என் வழக்கம். இடைவெளி கூடும்போது கொம்பு தன் மெய்யை விட்டு விலகிப்போவதால், படிப்பவர் ஒரு நொடி திகைத்துப்போகிறார். தட்டச்சு விளைவிலும் இதே சிக்கல் உண்டு: "க்" வருவதற்கு முன் ஒரு கணம் "க" தெரியும், "கோ" வருவதற்கு முன் "க" தெரியும். எழுத்தெழுத்தாகத்தான் வர வேண்டும் என்றால், முழு வாசகத்தையும் தட்டச்சு செய்து, அதன்மேல் ஒரு மாஸ்கை இடமிருந்து வலமாக நகர்த்தித் திறப்பதே நம்பத்தக்க வழி.

வசன வரிகளில் தமிழுக்குப் பதில் கேள்விக்குறிகள் வந்தால், அந்தக் கோப்பை யு.டி.எஃப்.-8 குறியேற்றத்தில் மீண்டும் சேமிக்க வேண்டும்.

சுழலும் படத்தோடு அதன் நிழலும் சுழல்கிறது

ஒரு கோலத்தைப் படமாகக் கொண்டுவந்து மெல்லச் சுழலவிட்டு டிராப் ஷேடோ போட்டால், நிழல் ஒரே திசையில் விழாமல் கோலத்தோடு சேர்ந்தே சுற்றிவரும். ஆனால் அருகிலேயே டெக்ஸ்ட் லேயரைச் சுழற்றினால் அதன் நிழல் அசையாமல் நிற்கும். இரண்டையும் ஒரே காட்சியில் பார்ப்பவர் மென்பொருளில் ஏதோ கோளாறு என்று எண்ணிவிடுவார். அது கோளாறு அன்று. ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் சாதாரணப் பட லேயரில் முதலில் மாஸ்க், அடுத்து எஃபெக்ட், கடைசியாக இடமும் சுழற்சியும் அளவும் என்ற வரிசையில் கணக்கிடுகிறது. நிழல் விழுந்த பிறகே சுழற்சி நடப்பதால் நிழலும் சுழல்கிறது. டெக்ஸ்ட், ஷேப் லேயர்களில் சுழற்சி முதலிலும் எஃபெக்ட் அதன் பிறகும் வருகின்றன. பட லேயரைச் சுழற்சியோடு பிரீகாம்ப் செய்து, அதாவது ஒரு தனித் தொகுப்பாகக் கட்டி, நிழலை அந்த வெளி லேயரில் போட்டுவிட்டால் சரியாகிவிடும். இந்த வரிசையை ஒருமுறை மனத்தில் வாங்கிக்கொண்டால், மோஷன் கிராபிக்ஸில் வரும் குழப்பங்களில் பலவற்றுக்கு விடை தானே கிடைக்கும்.

வெக்டர் லோகோவைப் பெரிதாக்கும்போது மங்கினால், அந்த லேயரின் சூரியன் போன்ற சிறு பொத்தானை இயக்க வேண்டும். அதை இயக்கியதும் அந்த லேயரும் சுழற்சி முதலில், எஃபெக்ட் பிறகு என்ற வரிசைக்கு மாறுகிறது. ஒளிர்வும் நிழலும் திடீரென வேறு அளவில் தெரிந்தால் அதற்கு இதுவே காரணம்.

பிளரோ குளோவோ நேர்கோட்டில் வெட்டுப்பட்டு நின்றால், பிரீகாம்பின் எல்லை போதவில்லை. பிரீகாம்பைப் பெரிதாக்குங்கள், அல்லது குரோ பவுண்ட்ஸ் எஃபெக்டை முதலில் வையுங்கள். லோகோவைச் சுற்றிக் கருவிளிம்பு தெரிந்தால், அதன் விளிம்பு நிறங்கள் ஆல்ஃபாவோடு (ஒளிபுகும் அளவைக் குறிக்கும் தகவலோடு) பெருக்கப்பட்டுக் கருப்போடு கலந்துள்ளன. இன்டர்பிரெட் ஃபுட்டேஜில் பிரீமல்டிப்ளைட் என்று மாற்றினால் விளிம்பு மறையும். ஒளிபுகும் பின்னணியோடு எக்ஸ்போர்ட் செய்த கோப்பு கருப்புப் பின்னணியோடு வந்தால் அது எச்.264 என்னும் வீடியோச் சுருக்க முறை, அதில் ஆல்ஃபாவுக்கு இடமில்லை, புரோரெஸ் 4444 போன்றதில் எடுக்க வேண்டும்.

நிறம் எரிகிறது, வெளிறுகிறது, படிப்படியாகத் தெரிகிறது

ஐஃபோன் 12 முதலாக வந்த மாதிரிகள், ஒளி வேறுபாட்டை மிகுதியாகப் பதியும் எச்.டி.ஆர். முறையில் எடுக்கக்கூடியவை. அந்தக் கிளிப்பை வழக்கமான தொலைக்காட்சி நிற வெளியான ரெக்.709 சீக்வென்ஸில் நிற மாற்றமின்றி வைத்தால், புதுச்சேரி வெள்ளை நகரத்தின் மஞ்சள் சுவர் வெளுத்து எரிந்துபோகும். எக்ஸ்போஷரைக் குறைத்தால் சுவர் அடங்கும், முகம் இருண்டுவிடும். கிளிப்பின் நிற வெளியைச் சரியாக அடையாளம் காட்டி, ரெக்.709-க்கு டோன் மேப்பிங் (ஒளியை அந்த வரம்புக்குள் சுருக்கும் மாற்றம்) செய்ய வேண்டும். மணப்பெண்ணின் அரக்குப் பட்டு மடிப்பே தெரியாமல் ஒரே சிவப்புத் திட்டாக நின்றால், சிவப்பு, பச்சை, நீலத்தைத் தனித்தனியே காட்டும் வரைபடமான ஆர்.ஜி.பி. பரேடைத் திறந்து சிவப்பு மட்டும் உச்சியில் முட்டுகிறதா என்று பார்த்து, அந்த நிறத்தை மட்டும் தெரிவுசெய்து குறைக்க வேண்டும். முழுப் படத்தின் செறிவையும் இறக்கினால் குங்குமமும் மாலையும் களையிழந்துவிடும்.

கிழக்குக் கடற்கரையில் விடியல் வானத்தை எடுப்பவர்கள் பலர் என்பதால் இதையும் சொல்ல வேண்டும்: வானத்தில் நிறம் படிக்கட்டாகத் தெரிந்தால், 8 பிட் பதிவின் 256 அளவுகள் அந்த மென்மைக்குப் போதவில்லை. ஆஃப்டர் எஃபெக்ட்ஸில் பிராஜெக்ட்டை 16 பிட்டுக்கு மாற்றி, மிக மெல்லிய நாய்ஸ் சேர்த்து, எக்ஸ்போர்ட்டின் பிட்ரேட்டை (நொடிக்குச் செலவிடும் தகவலளவை) சற்றுக் கூட்டினால் படிகள் கரையும்.

ஸ்டெபிலைசர் போட்ட காட்சி களிபோல் குழைகிறது

பிச்சாவரத்தில் படகிலிருந்து எடுத்த காட்சியில் இது கட்டாயம் நேரும். அருகிலுள்ள தண்ணீரும் தொலைவிலுள்ள அலையாத்தி மரங்களும் வெவ்வேறு வேகத்தில் நகர, வார்ப் ஸ்டெபிலைசர் படத்தைத் துண்டு துண்டாக வளைத்து ஈடுசெய்யப் பார்க்கிறது. முறையை சப்ஸ்பேஸ் வார்ப்பிலிருந்து பொசிஷன், ஸ்கேல், ரொட்டேஷன் என்பதற்கு மாற்றி, மென்மையின் அளவைக் குறைக்க வேண்டும். ஆஃப்டர் எஃபெக்ட்ஸில் டிராக் புள்ளிகளைக் காட்டச் செய்து, தண்ணீரின் மேல் விழுந்தவற்றை அழித்துவிட்டால் மரங்களை மட்டும் பற்றிக்கொள்ளும். பிரீமியரில் அளவும் வேகமும் மாற்றிய கிளிப்பை ஸ்டெபிலைசர் ஏற்க மறுத்தால், கிளிப்பை நெஸ்ட் செய்து (தனி சீக்வென்ஸுக்குள் வைத்து) அதன்மேல் போடலாம்.

பழைய டேப்பிலிருந்து எடுத்த படத்தில் சீப்புப் பற்கள் போன்ற கோடுகள்

மினி டிவி (Mini DV) என்னும் டிஜிட்டல் டேப் காலத்துத் திருமணங்கள் 720-க்கு 576 அளவில், ஒவ்வொரு பிரேமும் புலம் எனப்படும் இரண்டு அரைப் படங்களாகப் பதிவானவை. இந்த டிவி (DV) வடிவத்தில் கீழ்ப்புலம் முதலில் வரும். மென்பொருள் மேற்புலம் என்று எண்ணினால் அசைவு முன்னும் பின்னும் உதறும். புல வரிசையைச் சரிசெய்து, டீஇன்டர்லேஸ் செய்து (அரைப் படங்களை முழுப் படங்களாக்கி), அதன் பிறகே பெரிதாக்க வேண்டும். வரிசை மாறினால் கோடுகள் படத்தோடு உறைந்துபோகும். முகங்கள் ஒடுங்கித் தெரிந்தால் பிக்சல் விகிதத்தை 1.0940 என்று அமைக்க வேண்டும். 2011 டிசம்பரில் வந்த தானே புயல் போன்ற ஒன்றில் நனைந்து பூஞ்சை படிந்த டேப்பு என்றால், அதைத் தூய்மைசெய்யாமல் கருவியில் போடவே கூடாது.

டைம்லைன் நகர மறுக்கிறது, ரெண்டர் பாதியில் நிற்கிறது

எச்.264, எச்.265 கோப்புகளில் பெரும்பாலான பிரேம்கள் பக்கத்துப் பிரேம்களைச் சார்ந்தே இருக்கின்றன. ஒன்றைக் காட்டப் பலவற்றை விரித்தாக வேண்டும். ப்ராக்ஸி (எடிட்டுக்கு மட்டும் பயன்படுத்தும் எளிய நகல்) உருவாக்கிக்கொள்வதே எல்லாக் கணினிக்கும் பொருந்தும் தீர்வு. புதிய கேமராக்களின் 10 பிட் 4:2:2 (நிறத் தகவல் மிகுந்த) எச்.265 பதிவை விரிக்கும் வன்பொருள் என்விடியாவில் ஆர்.டி.எக்ஸ். 50 வரிசையில்தான் வந்தது. இன்டெலின் 11-ஆம் தலைமுறை முதலான உள்ளிணைந்த வரைகலைப் பகுதி அதைச் செய்கிறது. ஆகவே புதிய கணினி வாங்குவோர், அந்தப் பகுதி இல்லாத, எஃப் என்று முடியும் இன்டெல் மாதிரிகளை எடிட்டிங்குக்காக வாங்க வேண்டாம் என்பது என் கருத்து.

ரெண்டர் ஒவ்வொரு முறையும் ஒரே நொடியில் நின்றால், அங்குள்ள கிளிப்பிலோ எஃபெக்டிலோ கோளாறு. அந்த இடத்தின் இருபுறமும் சில நொடிகளை மட்டும் எக்ஸ்போர்ட் செய்து, எல்லையைப் பாதி பாதியாகக் குறைத்துக்கொண்டே வந்தால் குற்றவாளிக் கிளிப் அகப்படும். ஒவ்வொரு முறையும் வேறு வேறு நொடியில் நின்றால் சூடோ நினைவகமோ காரணம். கத்திரி வெயிலில் மூடிய அறையில் மணிக்கணக்காக ஓடும் கணினியில் இது எதிர்பார்க்க வேண்டியதே. ஜி.பி.யு.வை விட்டு மென்பொருள் முறையில் ஒருமுறை ரெண்டர் செய்து பார்ப்பது, கிராபிக்ஸ் அட்டையின் பங்கைத் தெளிவாக்கும்.

வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் மின்சாரம் போவது நம் ஊர்களில் தவிர்க்க முடியாதது. ஆஃப்டர் எஃபெக்ட்ஸில் நீண்ட வேலையை ஒரே வீடியோ கோப்பாக ரெண்டர் செய்யும்போது பாதியில் மின்சாரம் போனால் முழுதும் வீண். படங்களின் வரிசையாக ரெண்டர் செய்து, ஏற்கெனவே உள்ள கோப்புகளைத் தவிர்க்கும் தெரிவை இயக்கிவைத்தால், மின்சாரம் வந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடரும். கடைசியாக எழுதப்பட்ட ஒரு படம் அரைகுறையாக இருக்கக்கூடும் என்பதால், அதை அழித்துவிட்டே தொடர வேண்டும்.

வாடிக்கையாளரின் பென் டிரைவில் ஓடவில்லை

கோப்பு நகலாகாமல் நின்றால் பென் டிரைவ் ஃபேட்32 அமைப்பில் இருக்கிறது; 4 ஜி.பி.க்கு மேற்பட்ட ஒரே கோப்பு அதில் நிற்காது. நொடிக்கு 20 மெகாபிட் என்னும் பிட்ரேட்டில் 28 நிமிடத்திலேயே அந்த எல்லை வந்துவிடும். எக்ஸ்ஃபேட் அமைப்புக்கு மாற்றலாம். ஆனால் பழைய தொலைக்காட்சிகள் பல அதைப் படிப்பதில்லை. அத்தகைய வீடுகளுக்கு முகூர்த்தம், வரவேற்பு, நலங்கு எனப் பகுதிகளாகப் பிரித்து ஃபேட்32-இலேயே கொடுப்பதை நான் விரும்புகிறேன். படம் வந்து ஒலி வராவிட்டால் ஒலியை ஏ.ஏ.சி. ஸ்டீரியோவாக மாற்றுங்கள், ஒலி வந்து படம் வராவிட்டால் எச்.265-ஐ விட்டு, 8 பிட் எச்.264, ஹை புரொஃபைல், லெவல் 4.1, 1080 அளவில் 25 பிரேம் என்று எடுங்கள். முழுப் படத்தையும் எக்ஸ்போர்ட் செய்வதற்கு முன்பே இரண்டு நிமிடத் துண்டு ஒன்றை இதே அமைப்பில் எடுத்து, வாடிக்கையாளரின் வீட்டுத் தொலைக்காட்சியில் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். அப்போது நிறத்தையும், ஒலிப் பொருத்தத்தையும், தலைப்பில் தாத்தா பாட்டியின் பெயர்கள் சரியாக இருக்கின்றனவா என்பதையும் அவர்களே சொல்லிவிடுவார்கள்.